ஏட்டை மூடிவிட்டுச் சொல்லும்போது

பிறருக்குச் சொல்லிக் கொடுத்தால் பாடம் தமக்கே நன்றாகப் பதியும் என்பதை ஆசிரியர்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஆசிரியர் உரைப்பதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கால்பங்கு புலமையே கிட்டும் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கும், தாமே விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேரும் என்றும் 13ஆம் நூற்றாண்டு நன்னூல் கணக்கிடுகிறது. இவை அளந்து கண்ட எண்கள் அல்ல. (கற்பித்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று இன்று சுற்றிவரும் பிரமிடுப் படத்துக்கும் ஆய்வு ஆதாரம் கிடையாது.) ஆனால் விரித்துரைப்பதில் பயன் தருவது எது என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 124 மாணவர்கள் டாப்ளர் விளைவைப் பற்றிய பாடத்தைப் பத்து நிமிடம் படித்தனர். நெருங்கி வரும் ஆம்புலன்சின் சைரன் நம்மைக் கடந்ததும் சுருதி தாழ்ந்து ஒலிப்பதற்குக் காரணம் இவ்விளைவே. பின்னர் ஒரு பிரிவினர் குறிப்பு ஏதுமின்றிப் பாடம் நடத்தினர். இன்னொரு பிரிவினர் எழுதித் தரப்பட்ட உரையை வைத்துக்கொண்டு நடத்தினர். மூன்றாம் பிரிவினர் யாருக்கும் கற்பிக்காமல், நினைவில் இருந்ததையெல்லாம் தாளில் எழுதினர். மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தனர். ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில், குறிப்பின்றிக் கற்பித்தவர்கள் உரையைப் பார்த்துக் கற்பித்தவர்களை மிஞ்சினர். ஆனால் தனியே அமர்ந்து எழுதியவர்களை அவர்களால் மிஞ்ச முடியவில்லை.

ஆகவே எதிரே ஆள் இருப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து தேடி எடுக்கும் உழைப்பே பெரும்பயன் தருகிறது என்று கொள்ளலாம். ஒருமுறை சிரமப்பட்டு மீட்ட செய்தி அடுத்த முறை எளிதாகக் கைக்கு வருகிறது. ஏட்டைப் பார்த்து வாசிப்பவருக்கு அந்தச் சிரமமே நேர்வதில்லை.

விளக்கத் தொடங்கும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கெய்ல் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு போன்ற அன்றாடப் பொருள்கள் இயங்கும் விதம் தமக்கு எவ்வளவு தெரியும் என்று மக்கள் தாங்களே மதிப்பிட்டனர். படிப்படியாக விளக்கி எழுதச் சொன்ன பின் அதே மதிப்பீட்டைத் தாங்களே குறைத்துக்கொண்டனர். பழக்கத்தைப் புரிதல் என்று எண்ணிக்கொள்ளும் மயக்கம், விளக்கத்தின் நடுவில் அறுந்துபோகும் கண்ணியில்தான் வெளிப்படுகிறது.

எதிரே இருப்பவருக்கு வேலையே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. மனப்பாடத்தை ஒப்பிப்பவர் தம் குறையை உணராமலே முடித்துவிடக்கூடும். கேட்பவரின் கேள்வி அவரை நிறுத்திவிடும். டாப்ளர் விளைவைத் தடையின்றி விளக்கி முடித்த ஒருவரிடம், ‘ஆம்புலன்ஸ் ஒரே வேகத்தில் நேராக என்னை நோக்கி வந்தால், நெருங்க நெருங்கச் சுருதி கூடிக்கொண்டே போகுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். கூடாது, ஒலியின் உரப்புதான் கூடும், உயர்ந்த சுருதி அப்படியே நிற்கும். பாடத்தில் எழுதியிராத இந்த விடையை, வரும் வண்டிக்கு முன்னால் ஒலி அலைகள் ஏன் நெருக்கமடைகின்றன என்று மீண்டும் யோசித்தால்தான் அவரால் சொல்ல முடியும்.