மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்

குடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நச்சால் இந்த வழியை அடைக்க முடிவதில்லை. அதனால்தான் காலரா வயிற்றுப்போக்கில் நரம்பில் ஏற்ற வேண்டிய தண்ணீரை, உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலாக (ஓஆர்எஸ்) வாய்வழியாகவே கொடுக்க முடிகிறது. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் சலைன் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சரி, முகாமில் பலித்தது வீட்டில் பலிக்குமா? 1980இல் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. அந்த வீடுகளில் பாக்கெட்டும் இல்லை, தராசும் இல்லை. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர் என்று அளவையே மாற்றினார்கள். குளுக்கோஸ் இருந்த இடத்தில் வெல்லம் வந்ததில் பாதகமில்லை. அதிலுள்ள சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸைத் தந்துவிடும். உப்பு அப்படியல்ல. அது கூடிப்போனால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்து. ஆகவே தாய்மார்கள் கலக்கிய கரைசலின் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள்.

இதில் நான் மிகவும் மதிப்பது கூலி ஏற்பாட்டை. ஊழியர் எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பது கணக்கில்லை. பின்னால் இன்னொருவர் போய்க் கேட்கும்போது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதற்கேற்பத்தான் பணம். அப்புறம், கற்றுக்கொண்டவர்களிலும் பலர் கரைசலைக் கொடுப்பதில்லை என்று தெரிந்ததும், வீட்டு ஆண்களிடமும் பேச ஆரம்பித்தார்கள். 1990க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டமும் இப்படித்தான், அடிப்படை மாறாமல் கொடுக்கும் விதம் மட்டும் மாறியது. எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்ற இலக்குகளோடு நடந்த பயிற்சி, நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்ததாக 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கச் செலவு அதிகம். இண்டியானாபொலிஸ் நகரில் இலக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒய்எம்சிஏ என்ற சமூக அமைப்பின் ஊழியர்களை வைத்துக் குழுவாக நடத்திப் பார்த்தார்கள். சுமார் ஆறு மாதத்தில் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 6 சதவீதம் எடை குறைந்தார்கள். சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 2 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதில் அளந்ததும் எடையைத்தான். ஆனாலும் குழுவாக நடத்தினால் இலக்கு நழுவிவிடும் என்ற பயத்துக்கு அது நல்ல பதில்.