மீள் அறிமுகம் அல்ல, மீள்குடியமர்த்தல்

'ஸ்கொட்லாந்தில் கடற்கழுகுகள் மீள் அறிமுகம் செய்யப்பட்டன' என்று ஹட்டன் பக்கத்துப் பாடசாலைக் கண்காட்சி ஒன்றில் பிள்ளைகள் எழுதி ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்க்கும் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலிலும், படிக்கும் வார இதழிலும், வினாத்தாளிலும் அதே சொல்தான் இருக்கிறது. கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிவிட்டதே தவிர, அந்தச் சொல் பிழையானது. மலையகத்தில் இருந்துகொண்டு அதைப் பிழை என்று உணராமல் எழுதுவது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

முதலில், 'மீள் அறிமுகம்' என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல்லின் பொருள். ஓர் உயிரினம் தன் சொந்த வாழிடத்திலிருந்து அற்றுப்போன பிறகு, மனிதர்கள் திட்டமிட்டு அதே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டு, அங்கே அது தானாகப் பெருகி நிலைக்கும்படி செய்வதுதான் ரீஇன்ட்ரொடக்‌ஷன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலின் சாரமும் இதுதான். சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது: 'இன்ட்ரோ' என்றால் உள்ளே, 'டூசெரே' என்றால் இட்டுச் செல்வது. இதிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு பொருள்கள் கிளைத்தன. ஒருவரை இன்னொருவருக்குத் தெரியப்படுத்துவது ஒன்று. ஒன்றை ஓரிடத்துக்குக் கொண்டுவருவது மற்றது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.

அறிமுகம் என்பது அறிந்த முகம். 'அவர் எனக்கு அறிமுகமானவர்' என்கிறோம். புதுப்பொருள் சந்தைக்கு வந்தாலும் அறிமுகம் என்கிறோம். அதாவது, முன்பு தெரியாதது இப்போது தெரியவருகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஒரு மலையில் கூடு கட்டி வாழ்ந்த கழுகை அதே மலைக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? முன்னால் 'மீள்' என்று ஒட்டிவிட்டால் சரியாகிவிடாது. 'மறு அறிமுகம்' இன்னும் மோசம். மறுமணம், மறுபிறவி என்பவற்றில் போல 'மறு' இன்னொரு தடவையைச் சொல்கிறது. போனது திரும்புவதைச் சொல்லாது. 'மீள்' திரும்பி வருவது. அதன் பிறவினையான 'மீட்டல்' பறிபோனதைத் திரும்பப் பெறுவது. 'மறு' என்னாமல் 'மீள்' என்று எழுதும் இலங்கைத் தமிழின் வழக்கம் நல்ல வழக்கம், அதை விடக்கூடாது.

அறிமுகம் என்ற சொல்லை நாம் வேறொன்றுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய வாதம். மலையகம் முழுக்க அதற்கு உதாரணம் கிடக்கிறது. 1867 இல் லூல்கந்துரவில் வணிகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, மலைமுகடுகளில் நட்ட யூகலிப்டஸ், பைன், நுவரெலியா ஓடைகளில் ஆங்கிலேயர் விட்ட ட்ரவுட் மீன், ஹோர்ட்டன் சமவெளியில் பரவி நிற்கும் கோர்ஸ் என்ற முட்செடி, இவையெல்லாம் அறிமுகப்படுத்தப்பட்டவை. வேற்று மண்ணிலிருந்து வந்தவை. சில பயன் தந்தன, சில காட்டைத் தின்றன. உயிரியல் பாடத்தில் 'அறிமுகப்படுத்தப்பட்ட இனம்' என்றால் அந்நிய இனம் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்புறம் அடுத்த பாடத்தில் 'மீள் அறிமுகப்படுத்தப்பட்ட கழுகு' என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்நியக் கழுகை இரண்டாம் முறை கொண்டுவந்தார்கள் என்றுதானே? மண்ணின் உயிரை வந்தேறி ஆக்கிவிடுகிறது இந்தச் சொல்.

'மீள்புகுத்தல்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். புகுத்துதல் என்றால் வேண்டாத இடத்தில் வலிந்து நுழைப்பது. ஒரு மொழியைப் புகுத்துகிறார்கள், பாடத்திட்டத்தில் தேவையில்லாததைப் புகுத்துகிறார்கள் என்று பேசும்போது அந்தச் சொல்லில் ஏறும் கசப்பு பறவைக்கு எதற்கு?

அடுத்தது 'மீள்குடியேற்றம்'. இது கிட்டத்தட்டச் சரி. ஆனால் குடியேறுவது தானாகச் செய்வது என்ற எண்ணம் அதில் கலந்திருக்கிறது, பறவையியலில் அந்த வேறுபாடு முக்கியம். விராலடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நம் குளங்களுக்கும் வந்துபோகும் பறவைதான். பிரித்தானியாவில் அது கூடு கட்டுவது அற்றுப்போய், 1954 இல் ஸ்கொட்லாந்தில் ஒரு சோடி தானாக வந்து கூடு கட்டியது. அதுதான் மீள்குடியேற்றம். இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்தில் நடந்தது வேறு. 1996 முதல் ஸ்கொட்லாந்திலிருந்து குஞ்சுகளை எடுத்துவந்து வளர்த்து விட்டார்கள். 2001 இல் அங்கே முதல் குஞ்சு பொரித்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் யார் செய்த வேலை என்பது மறைந்துபோகும்.

ஆகவே மீள்குடியமர்த்தல். அமர்வது நிலைப்பது, அமர்த்துவது நிலைக்கச் செய்வது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதைந்த பிறகு, குடியமர்த்துவது என்றால் என்ன என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆட்களை லொறியில் ஏற்றி இறக்கினால் குடியமர்த்தியதாகாது. சரியாத நிலம், வீடு, தண்ணீர், பிழைப்பு எல்லாம் வேண்டும்.

கழுகுக்கும் அதேதான். பிரித்தானியாவின் கடைசி வெள்வால் கடற்கழுகு 1918 இல் சுடப்பட்டது. 1975 இல் நோர்வேயிலிருந்து குஞ்சுகளை ஸ்கொட்லாந்தின் ரம் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். கூண்டு மேடையில் வைத்து, ஆளைக் காட்டாமல் இரை போட்டு, சிறகு முற்றியதும் கதவைத் திறந்து, அதன் பிறகும் அவை தாமாக வேட்டையாடப் பழகும்வரை இரை வைத்தார்கள். காட்டில் முதல் குஞ்சு பொரிக்க 1985 ஆகிவிட்டது. கைகுலுக்கிப் பெயர் சொல்லி முடிக்கும் அறிமுகமா இது?

அதைவிடப் பெரிய விஷயம், பறவையை அழித்த காரணம் முதலில் அகல வேண்டும். மொரீஷியஸ் வல்லூறு 1974 இல் காட்டில் நான்கே எஞ்சியது. காடழிப்பும், மலேரியாவுக்காக அடித்த டிடிடி என்ற பூச்சிமருந்தும் அந்த நிலைக்குக் கொண்டுபோனவை. டிடிடி இரைகொல்லிகளின் முட்டையோட்டை மெலியவைக்கும், அடைகாக்கும்போதே உடையும். அந்த மருந்து நின்ற பிறகுதான் வளர்த்துவிட்ட பறவைகள் நிலைத்தன. கலிபோர்னியாவில் காட்டில் எஞ்சிய கொண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகளையெல்லாம் 1987 க்குள் பிடித்துக் கூண்டில் பெருக்கி, 1992 முதல் வெளியே விட்டார்கள். இன்றும் அவற்றை அதிகம் கொல்வது வேட்டையில் செத்த விலங்கின் உடலில் கிடக்கும் ஈயத் துணுக்கு. அதனால்தான் அந்த மாநிலம் 2019 இல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை முற்றாகத் தடுத்தது. இந்தியாவில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மாட்டுக்கு அதைப் போடுவதை 2006 இல் தடை செய்தார்கள். அங்கே கழுகுகள் இன்னும் முற்றாக அழியாத இடங்களில் கூடுதலாகக் கொண்டுவிடுவதை மீள்குடியமர்த்தல் என்றும் சொல்லக்கூடாது. அதற்கு வலுவூட்டல் என்ற தனிச்சொல் போதும்.

'குடி என்பது மனிதருக்குத்தானே' என்று ஓர் ஆசிரியர் கேட்டார். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று சொல்லும் மொழி நம்முடையது. பாம்புக்குக் கொடுத்த குடியைப் பருந்துக்கு மறுப்பானேன்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இந்த ஒரு சொல்லோடு முடிவதில்லை. இரைகொல்லிப் பறவைகளை 'வேட்டைப் பறவைகள்' என்று எழுதுகிறார்கள். அது வேட்டையாடும் பறவையா, மனிதன் வேட்டையாடும் பறவையா? ஐரோப்பாவின் பிளவுவால் பருந்தைச் 'செம்பருந்து' என்கிறார்கள். செம்பருந்து என்பது நாம் கருடன் என்று கும்பிடும் பறவை, இரண்டும் வேறு. கொழுந்து மலைக்கு மேலே காட்டோரமாக மெதுவாக வட்டமிடும் கருங்கழுகைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்தக் குழப்பத்தைக் கொடுப்பது அநியாயம். அந்தப் பறவை இன்னும் இங்கேதான் இருக்கிறது. எலிக்கு வைக்கும் நஞ்சும், மரக்கறித் தோட்டத்து மருந்தும், துண்டு துண்டாகும் காடும் இரைகொல்லிகளுக்கு என்ன செய்யும் என்று பாடத்தில் வரும்போது, சொல்லாவது தெளிவாக இருக்கட்டும்.

தலைப்புக்கு நீளம் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்வார்கள். நீளமென்றால் வினையாக எழுதுங்கள்: 'கழுகுகளைத் திரும்பக் குடியமர்த்தினர்'. கட்டுரைக்குள் 'குடியமர்த்திய பறவைகள்', 'குடியமர்த்தும் திட்டம்' என்று எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். தானாக வந்தவற்றுக்கு 'குடியேறின' என்று எழுதினால் போதும்.