பயோமெட்ரிக்: கைநாட்டுக்கு வந்த புதுப்பெயர்

ரேஷன் கடை வரிசையில் என் அப்பத்தாவுக்கு முன்னால் நின்றவர்களுக்கு ஒரே தடவையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பத்தாவின் முறை வந்ததும் மிஷின் முரண்டு பிடித்தது. "ரேகை விழல பாட்டி, அடுத்த விரல வைங்க" என்றார் கடைக்காரர். அப்பத்தா விரலை முந்தானையில் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பதம் ஏற்றினார், மறுபடி வைத்தார். ஐம்பது வருடம் நாற்று நட்டு, பாத்திரம் விளக்கித் தேய்ந்துபோன விரல்கள். கடைசியில் என் தம்பியை வரவழைத்து அவன் விரலை வைத்துத்தான் அரிசி வாங்கினோம். வீட்டுக்கு வரும் வழியில் அப்பத்தா கேட்டார்: "அதென்னடா பயோமெட்டி?" பயோமெட்ரிக் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடத் தொடங்கியது அப்போதுதான்.

சொல் கிரேக்கத்தில் பிறந்தது. பயோஸ் என்றால் உயிர், வாழ்வு. மெட்ரான் என்றால் அளவு. இரண்டையும் சேர்த்தவர்கள் விரலை மனதில் வைத்துச் சேர்க்கவில்லை. உயிரினங்களின் உயரம், எடை, மரபுக்கூறுகளைப் புள்ளியியலால் ஆராய்வதற்குத்தான் அந்தப் பெயர். 1901-இல் இங்கிலாந்தில் 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழ் இந்தப் பொருளில்தான் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கால்டன். 1892-இல் விரல்ரேகை பற்றி நூல் எழுதியவரும் அவரே, 'நல்ல பிறவி, மட்டப் பிறவி' என்று மனிதர்களைத் தரம் பிரிக்கும் யூஜெனிக்ஸ் என்ற சொல்லை 1883-இல் உருவாக்கியவரும் அவரே. ஆளை அளப்பதும் ஆளைத் தரம் பிரிப்பதும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்.

ரேகைக் கதையின் மறுபாதி நம் பக்கத்தில் நடந்தது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்பந்தம் போட்டவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துத் தாளில் பதிய வைத்தார். பின்னால் வந்து 'என் கையெழுத்தே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காப்பகமே வந்துவிட்டது.

சரி, தமிழில் இதற்கு முன்பே ஒரு சொல் இருந்ததே! கைநாட்டு. நாட்டுதல் என்றால் ஊன்றுதல். கொடி நாட்டுவது போல, தாளில் கையை ஊன்றுவது. ஆனால் காலப்போக்கில் அது எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குத்திக்காட்டும் சொல்லாகிவிட்டது. இன்று ஐ.டி. கம்பெனி வாசலில் விரல் வைத்து உள்ளே போகிற பொறியாளரும் கைநாட்டுதான். யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவே.

சட்டத்துக்கு வருவோம். 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, காத்தி காலு ஓகாட் வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவரிடம் ரேகை எடுப்பது அவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைப்பதாகாது என்றது. ரேகை ஒப்பிட்டுப் பார்க்கும் பொருள் மட்டுமே, அதன் இயல்பை மாற்ற முடியாது என்பது வாதம். அன்று மாற்ற முடியாமை ரேகையின் பலம். இன்று அதுவேதான் சிக்கல். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பெருவிரல் திருடு போனால்?

அப்புறம் ஆதார் வந்தது: பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகம். 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றார்கள். 2018 செப்டம்பரில் ஆதார் சட்டம் 4-1 என்ற கணக்கில் தப்பித்தது. தனியார் கம்பெனிகள் அதைக் கேட்க வழிசெய்த பிரிவு உட்படச் சில பிரிவுகள் அடிபட்டன. 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் சொல்லாட்சிக்காக. விரல்ரேகை, கருவிழி, உடல் மாதிரிகள், கையெழுத்து வரை எல்லாவற்றையும் அது 'அளவுகள்' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தலைப்பில் அடையாளம், உள்ளே அளவு!

தமிழ் இணைச்சொல்லை முடிவு செய்ய வேண்டிய இடமும் இதுதான். 'உயிரியளவியல்' துறைக்குப் பொருந்தலாம், வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'உடலடையாளம்' எளிது, ஆனால் தவறான நம்பிக்கை தருகிறது. மிஷின் ஆளை அடையாளம் காண்பதில்லை. ரேகையின் முனைகளையும் கிளைகளையும் எண்களாக்கி, பதிவிலிருப்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட்டு, கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் பார்க்கிறது. 'உடலளவு' என்றால் தையல்காரரின் இஞ்ச் டேப்தான் ஞாபகம் வரும்.

ஆகவே என் தேர்வு 'உடலளவை'. தமிழில் அளவை என்பது அளப்பது மட்டுமல்ல, ஒன்றை உண்மையென்று அறியும் வழியும்கூட. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அளவைவாதி என்ற தத்துவவாதி பத்து அளவைகளைச் சொல்லிவிட்டு, அறிவு தடுமாறும் எட்டு வகைகளையும் சொல்கிறான். அதில் ஒன்று திரியக் கோடல், கிளிஞ்சலை வெள்ளி என்று எண்ணுவது. வேறொருவர் ரேகையை உங்களுடையது என்று மிஷின் ஏற்பதற்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது. இன்னொன்று கண்டுணராமை, புலியே கிட்டே வந்தாலும் பார்த்தும் அறியாதது. ரேஷன் கடையில் அப்பத்தாவுக்கு நடந்தது இது.

எழுதும்போது உடலளவைச் சரிபார்ப்பு, உடலளவைத் தரவு என்று விரித்துக்கொள்ளலாம். பேச்சில் 'ரேகை வைக்கிறது' தாராளமாகப் போதும். அப்பத்தாவிடமும் அப்படித்தான் சொன்னேன். "கைநாட்டுன்னு சொல்லேன்டா" என்றார்.