ஆவி வழிபாடு அன்று, உயிருடைமைக் கொள்கை

"உலகின் மிகப் பழைய மதம் ஆவி வழிபாடே" என்னும் வாக்கியம் இப்போது திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டங்களில் காது புளிக்கும் அளவுக்குக் கேட்கிறது. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறத் தொடங்கிய பிறகு தொல்லியல் பேசாத மேடையே இல்லை. முதுமக்கள் தாழியில் தொடங்கும் பேச்சு, இறந்தோரைப் போற்றும் வழக்கத்துக்குப் போய், அங்கிருந்து மதங்களின் தோற்றத்துக்குத் தாவி, இந்த வாக்கியத்தில் வந்து நிற்கிறது. பேசுகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மொழிபெயர்ப்பு நூல்களிலும், அவற்றைப் பார்த்து எழுதப்படும் தேர்வுக் கையேடுகளிலும் எல்லாப் பொருளிலும் உயிர் உண்டு என்னும் நம்பிக்கையைக் குறிக்கும் 'அனிமிசம்' என்பதற்கு நேராக 'ஆவி வழிபாடு' என்று அச்சாகியிருப்பதைத்தான் அவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். இந்த மொழியாக்கத்தில் இருப்பவை இரண்டே சொற்கள்; இரண்டும் பிழை.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீன் மொழியில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். காற்றைக் குறிக்கும் கிரேக்க 'அனெமோஸ்', வடமொழி 'அனில' ஆகியவை இதன் உறவுச் சொற்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஸ்டால், உடலை இயக்குவது உயிரே என்னும் தம் மருத்துவக் கருத்துக்காக இந்த வேரைக் கையாண்டார். மதங்களின் தோற்றத்தைப் பேசும் சொல்லாக அதை 1871இல் நிலைநிறுத்தியவர் ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்டு டைலர். மதம் என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால் அதில் குறைந்த அளவு இருக்க வேண்டியது உருவற்ற உயிர்ப்பொருள்கள் உண்டு என்னும் நம்பிக்கை என்பது அவர் வரையறை. உயிருள்ள உடலுக்கும் பிணத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன, கனவில் வந்து போகும் உருவம் யாருடையது என்னும் இரு கேள்விகளிலிருந்து ஆதி மனிதன் உயிர் என்னும் கருத்தை அடைந்தான். பிறகு அதை விலங்குக்கும் மரத்துக்கும் ஆற்றுக்கும் விரித்தான். தெய்வங்களும் அவ்வழியே வந்தன என்பது அவர் விளக்கம்.

'ஆவி' என்ற சொல்லுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் 'அனிமா'வுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல் இல்லை. ஆவித்தல் வாய்திறந்து மூச்சுவிடுதல். கொட்டாவிக்குள்ளும் அந்த ஆவிதான் இருக்கிறது. நன்னூலார் உயிரெழுத்தையே ஆவி என்கிறார். ஆனால் ஒரு கலைச்சொல், அகராதியில் முதலில் நிற்கும் பொருளைக் கொண்டு வாழ்வதில்லை. கேட்பவர் மனத்தில் முதலில் எழும் பொருளைக் கொண்டே வாழ்கிறது. சளி பிடித்தால் நொச்சித் தழை போட்டுப் பிடிப்பது ஆவி. நள்ளிரவில் வெள்ளைச் சேலையோடு திரைப்படத்தில் வருவதும் ஆவி. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் ஆவி என்றவுடன் நினைவுக்கு வருவது பரிசுத்த ஆவி. 'ஆவிக்குரிய கூட்டம்' என்று சுவரொட்டி கண்டால் அது எவ்வகைக் கூட்டம் என்று இவ்வூர்ப் பக்கத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இத்தனை பேர் குடியிருக்கும் சொல்லுக்குள் டைலரின் கருத்தையும் குடிவைத்தால், உலகின் மிகப் பழைய மதம் ஏதோ உபவாசக் கூட்டம் என்றுதான் ஒருவர் எண்ணுவார். இல்லையென்றால் பேயோட்டும் பூசை என்று எண்ணுவார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டைலர் தம் கருத்துக்கு முதலில் பொருத்தமாகக் கண்டது 'ஸ்பிரிச்சுவலிசம்' என்னும் சொல்லை. அக்காலத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து இறந்தவர்களோடு பேசுவதாகச் சொன்ன கூட்டத்தார் அந்தப் பெயரைத் தமக்கு ஆக்கிக்கொண்டுவிட்டதால், குழப்பம் வேண்டாம் என்று அதைக் கைவிட்டு 'அனிமிச'த்தை எடுத்துக்கொண்டார். தமிழிலோ ஆவிகளோடு பேசுவது பற்றிய நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. அவர் விலகிப்போன குழியைத் தேடிப் பிடித்து நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவரை அதில் தள்ளியிருக்கிறார்கள்.

'வழிபாடு' இதைவிடப் பெரிய பிழை. டைலர் வரையறுத்தது ஒரு நம்பிக்கையை. வழிபாடு அதிலிருந்து பிறக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். நீலகிரிப் பகுதியின் பழங்குடியினரான நாயக்க மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் நூரிட் பேர்டு டேவிட், 1999இல் வெளியிட்ட கட்டுரையில், அம்மக்கள் சில கற்களோடும் விலங்குகளோடும் மலையோடும் உறவாடும் முறையை விவரிக்கிறார். 'தேவரு' என்று அவர்கள் சொல்வன அவர்களுக்கு உறவினர் போன்றவை. அவற்றோடு பேசுவார்கள், கேட்பார்கள், கடிந்துகொள்வதும் உண்டு. இந்த உறவை 'வழிபாடு' என்னும் சொல்லுக்குள் அடைத்தால் அதில் பாதி வெளியே நின்றுவிடும்.

தாழிகளுக்கும் இது பொருந்தும். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டியபோதும், 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தபோதும் இறந்தவர்களோடு வெளிப்பட்டவை இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள். சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. நெல்லையும் கருவியையும் உடன் வைத்தவர்கள், போனவருக்கு அவை தேவைப்படும் என்று எண்ணியிருக்கலாம். அவரை வழிபட்டார்கள் என்பதற்கு அந்த நெல் சான்றாகாது. அது படையலாக இருந்திருக்கலாம், கட்டுச்சோறாகவும் இருந்திருக்கலாம். ஐயூர் முடவனார் இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்காகக் குயவனை நோக்கிப் பாடும் புறநானூற்றுப் பாட்டிலும் (228) பேச்செல்லாம் அத்தனை பெரியவனுக்குத் தக்க அளவில் தாழியை வனைய முடியுமா என்பதைப் பற்றியே. வழிபாடு என்ற குறிப்பு அங்கில்லை. போரில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லின் நிலை வேறு. "கல்லே பரவின் அல்லது நெல்உகுத்துப் பரவும் கடவுளும் இலவே" என்று மாங்குடி கிழார் (335) பாடும்போது அது ஐயமற வழிபாடுதான். இரண்டையும் ஒரே சொல்லால் மூடுகிறவர் இந்த வேறுபாட்டைப் பார்க்கும் வாய்ப்பையே வாசகரிடமிருந்து பறித்துக்கொள்கிறார்.

நம் பக்கத்துக் கொடைவிழாவைக் காட்டி, "இது ஆவி வழிபாடு இல்லாமல் வேறென்ன?" என்று கேட்பவர் உண்டு. கொடை கொடுக்கும் குடும்பத்தாரையே கேட்டுப் பார்க்கலாம். சுடலைமாடன் பூடத்துக்கு வெள்ளையடித்து, சந்தனம் அப்பி, மாலை சாத்தி, வில்லுப்பாட்டில் சாமியை அழைக்கும் வரத்துப் பாடும்போது இறங்குவது சாமி, ஆடுகிறவர் சாமியாடி. புளியமரத்தடியில் பயந்து வந்த பிள்ளைக்குப் பட்டிருப்பது காத்துக்கருப்பு. ஒருத்தியைப் பிடித்து ஆட்டுவது பேய். இந்த மூன்றையும் அவர்கள் ஒருபோதும் குழப்புவதில்லை. மூன்றில் எதையும் ஆவி என்று சொல்வதுமில்லை. காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் முத்துப்பட்டனுக்குக் காணிக்கையாகச் செருப்புகளைக் கட்டுகிறார்கள். மறுமுறை வந்து பார்க்கும்போது அவை நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. செருப்புத் தேய நடப்பவரை ஆவி என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது.

வெளியிலிருந்து பெயர் சூட்டும் இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் இவ்வழிபாடுகளையெல்லாம் பேய் வழிபாடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்தார். திராவிட மொழிகளின் தனித்தன்மையை 1856இல் அத்தனை நுட்பமாக நிறுவிய அதே அறிஞர், சாமிக்கும் பேய்க்கும் இடையே தம் வாசலில் நின்று மக்கள் காட்டிய வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. அவர் சமயப் பணியாளர். அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு அந்த நோக்கமும் இல்லை, ஆயினும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார். பேயை ஆவி என்று மாற்றியதால் மரியாதை கூடிவிடாது.

மாற்றாகச் சொல்லப்படும் மற்றவையும் தேறவில்லை. 'ஆன்மவாதம்' என்றால் சைவம் படித்தவர் உடனே இறைவன், உயிர், கட்டு என்னும் பதி, பசு, பாசத்துக்குப் போய்விடுவார். ஆணவத்தால் கட்டுண்ட ஆன்மாவுக்கும் ஆற்றங்கரை மருதமரத்தின் உயிருக்கும் தொடர்பில்லை. 'உயிரியம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உயிரியலோடு மோதுகிறது. தவிரவும் எந்தச் சொல்லைக் கண்டாலும் வாலில் 'இயம்' ஒட்டினால் தமிழாகிவிடும் என்னும் இன்றைய நோய்க்கு மேலும் ஓர் எடுத்துக்காட்டாகும். 'உயிர்வாதம்' உடலியலில் வேறொரு கொள்கைக்குப் போய்விட்டது. இவற்றுக்கு 'அனிமிசம்' என்று அப்படியே எழுதுவது மேல். தனித்தமிழில் பற்றுள்ளவன் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் புரியாத அயற்சொல் வாசகரைக் கேள்வி கேட்க வைக்கும், புரிந்ததுபோல் தோன்றும் தவறான தமிழ்ச்சொல் கேள்வியையே அடைத்துவிடும்.

நான் கொள்வது 'உயிருடைமைக் கொள்கை'. அன்புடைமை, அறிவுடைமை என்று வள்ளுவர் அதிகாரங்களுக்குப் பெயரிட்ட பழகிய வாய்பாடு இது. கல்லும் மரமும் ஆறும் உயிரைத் தம்முடையதாகவோ, தம்முள் குடிகொண்டதாகவோ உடையவை என்னும் இரு பொருளும் இதில் அடங்கும். "காடும் காவும்" என்று தொடங்கி, யாறு, குளம், சந்தி, கடம்பு, மன்றம், கந்து என்று முருகன் உறையும் இடங்களைத் திருமுருகாற்றுப்படை அடுக்குவதைப் படித்தவருக்கு அந்த இரண்டாவது பொருள் புதிதாக இராது. நாயக்க மக்களின் உறவுமுறை இதில் முழுவதும் வருமா என்றால் வராது. உடைமை என்பது பொருளின் இயல்பைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை. அந்தக் குறை லத்தீன் மூலத்துக்கும் உண்டு என்பதால் மொழிபெயர்ப்பின் மேல் அந்தப் பழி விழாது.

'மிகப் பழைய மதம்' என்பதையும் உடன் திருத்திவிட வேண்டும். ஒரு நூலும் ஓர் ஆசிரியரும் எதிர்வாதமும் கொண்டு நிற்பதே மதம். மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்து அறிஞர்களான சமயக்கணக்கர்களிடம் கேட்டறிந்தவை அத்தகையவை. உயிருடைமைக் கொள்கை பல மதங்களுக்கு அடியில் கிடக்கும் எண்ணம். அதைத் தனியொரு மதமாக எண்ணி வயது கணிப்பது பொருந்தாது. எனவே மேடையில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "மதங்கள் உயிருடைமைக் கொள்கையிலிருந்து தோன்றின என்பது டைலரின் கருத்து." அவருக்குப் பின் மானிடவியலாளர் மாரெட், உயிர் என்னும் கருத்துக்கும் முன்னதாக ஆளுருவற்ற ஆற்றல் ஒன்றைப் பற்றிய அச்சம் இருந்தது என்று மறுத்தார். அந்த ஆற்றலுக்குச் சிலர், வருத்தும் தெய்வத்தன்மையைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'அணங்கு' என்று பெயரிடப் பார்க்கிறார்கள். சங்கப் பாட்டில் அணங்கு பல இடங்களில் ஆளாகவே வந்து வருத்துவதால் அதையும் இப்போதே ஒப்புக்கொள்ள முடியாது.