ஒரு போத்தல் சென்ற், மூன்று மூக்கு, ஒரு கழுத்து

நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமை ஒரு தாயும் இரண்டு மகள்மாரும் என்னிடம் வந்தார்கள். மூத்தவளின் கழுத்தில், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, சிவந்து செதில் விட்ட ஒரு திட்டு. "வேர்க்குரு எண்டு நினைச்சுப் பவுடர் போட்டனான் டொக்டர்" என்றாள். வேர்க்குரு இப்படி ஒரே இடத்தில் வட்டமாக உட்காராது. "சென்ற் அடிக்கிறனீங்களோ பிள்ளை?" என்று கேட்டதும், கனடா மாமி கொண்டுவந்த போத்தலைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். ரோசாவும் வாசனைச் சரக்கும் கலந்த வகை.

ஒரு கடதாசித் துண்டில் அடித்து மூவரிடமும் நீட்டினேன். தாய் முகத்தைச் சுளித்தார்: "பல்லு டொக்டரிட்டப் போன மாதிரிக் கிடக்கு." இளையவளுக்கு அது கலியாண வீட்டுப் பன்னீர். மூத்தவளுக்குக் கறுவாப் போட்ட தேத்தண்ணி. அவளுக்குத்தான் அது நன்றாகப் பிடித்திருந்தது.

ஒருவரும் பிழையாகச் சொல்லவில்லை. கராம்புக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் யூஜெனோல், பல்லோட்டையைத் தற்காலிகமாக அடைக்கும் பசையிலும் இருக்கிறது. ரோசாப்பூவிலேயே கொஞ்சம் உண்டு. மணத்தை உணரும் ஏற்பிகளுக்கென்று மனிதரில் ஏறக்குறைய 400 மரபணுக்கள் வேலை செய்கின்றன. அவை ஆளுக்காள் வேறுபடும். ரோசாவில் துளியளவே உள்ள பீட்டா அயனோன் சிலருக்குப் பூவாக மணக்கும், சிலருக்குப் புளிப்பாக அடிக்கும். நேரமும் சேர்ந்து விளையாடும். எலுமிச்சை வகை மணங்கள் அரை மணித்தியாலத்துக்குள் பறந்துவிடும், எங்கள் வெக்கையில் இன்னும் கெதியாக. கடையில் கடதாசியை மணந்து வாங்கியவரின் கழுத்தில் பின்னேரம் மிஞ்சியிருப்பது வேறொரு மணம்.

மூக்குக்குப் பிடித்தால் தோலுக்கும் ஒத்துவரும் என்று நம்பிக்கொண்டு வருபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யூஜெனோல், கறுவாவின் சின்னமால், ரோசாவின் ஜெரானியோல் மூன்றும் ஒவ்வாமை தரக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் பெட்டியில் பெயர் போடவேண்டும் என்று விதித்த 26 பொருட்களில் இவையும் உண்டு. தோலில் பூசிக் கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே போடவேண்டும். ஆனால் எங்கள் மாமிமார் பாரத்தைக் குறைக்கப் பெட்டியை அங்கேயே எறிந்துவிட்டு, போத்தலை மட்டும் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள்! "இது இயற்கை எண்ணெய், ஒண்டும் செய்யாது" என்பதும் அடிக்கடி கேட்கும் கதை. கராம்பும் இயற்கைதானே.

இந்த ஒவ்வாமை அடித்தவுடன் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்தே கடிக்கத் தொடங்கும். வருடக்கணக்காகப் பாவித்ததுகூட ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். யன்னலோரம் வெயிலில் கிடக்கும் பழைய போத்தலை நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். லினலூல், லிமொனீன் போன்ற வாசனைப் பொருட்கள் காற்றுப் பட்டு மாறும்போது ஒவ்வாமைத் தன்மை கூடும். புதிய சென்ற் என்றால் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் நாளுக்கு இரு தடவை, ஒரு கிழமை போட்டுப் பாருங்கள். கடித்தால் அன்றோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே தோல் சிவந்திருப்பவர்கள் இதைச் செய்யவேண்டாம், நேரே வாருங்கள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைப் புள்ளி புள்ளியாகத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பட்ச் டெஸ்ட்டை மூத்தவளின் முதுகில் ஒட்டினோம். அந்த வெக்கையில் முதுகை நனைக்காமல் நாலு நாள் இருப்பது லேசான காரியமில்லை; வேர்வையில் ஒரு ஓரம் கழன்று மறுபடி ஒட்டவேண்டி வந்தது. இரண்டாம் நாள் கழற்றினோம். நாலாம் நாள், எட்டு வாசனைப் பொருட்கள் கலந்த புள்ளி மட்டும் சிவந்து சிறு பருக்களோடு தடித்து நின்றது.

"சாறித் தலைப்பிலயாவது அடிக்கலாமோ?" என்று கேட்டாள். தலைப்புக் கழுத்தில் உரசும் என்றேன். தாய்க்கு வேறு கவலை: "அப்ப இறைச்சிக் கறிக்குக் கறுவா, கராம்பு போடுறதையும் விடவேணுமோ?" பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. சென்ற்றை விட்ட பிறகும் திட்டு ஆறாத ஒருசிலருக்கே அதைக் கொஞ்சக் காலம் நிறுத்திப் பார்ப்போம்.