பேட்டரியா, வயரா?

சாயங்காலம் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் போனால் பழைய வேனையே டிபன் கடையாக்கி நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட வண்டியில் ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, விளக்குக்கும் ஃபேனுக்கும் இன்னொன்று என்று வைப்பது வசதி. இரண்டாவதற்குப் பகலில் வீட்டில் சார்ஜர் போடுவார்கள். ராத்திரி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் விளக்கு மங்கினால், “பேட்டரி போச்சு அண்ணாச்சி, புதுசு போட்டுருங்க” என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். என்னைக் கேட்டால், பழைய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரையும் இணைப்புகளையும்தான்.

12 வோல்ட் ஆசிட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழுக்க ஏறிய பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்தது. சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் 13-க்கு மேலேகூடக் காட்டும். அதை நம்பி ஏமாறக் கூடாது.

ஏற்றுவதற்கு 14.4 வோல்ட் அளவில் வேண்டும். சார்ஜர் அதைத் தருகிறது, சரி. பேட்டரிக்குப் போய்ச் சேருகிறதா? துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து, 10 ஆம்பியர் ஓடினால், 1 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அந்த இடத்தில் 10 வாட் சூடு கிளம்பும். பேட்டரிக்குக் கிடைப்பது 13.4 மட்டும். சில சார்ஜர்கள் தம் முனையில் 14.4 வந்ததுமே வேலை முடிந்ததாக நினைத்துக் குறைத்துக்கொள்ளும். இப்படி அரைகுறையாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படியும். புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சார்ஜரின் பிளஸிலும், மறு முனையைப் பேட்டரியின் பிளஸ் தண்டிலும் வையுங்கள். தண்டைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள், கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவேதான் பல நேரம் கோளாறு. 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. மைனஸ் பக்கமும் இதே சோதனை. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்தும் (இன்ஜின் சுற்றி மின்சாரம் தரும் கருவி) ஏறுகிறது என்றால், பாடியில் போல்ட் போட்ட எர்த் வயரை மறக்க வேண்டாம். உவரி, கூடுதாழை என்று கடலோரம் போய்வரும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு, வயர் நுனியில் போல்ட் மாட்டப் பொருத்தும் லக்குக்குள் செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். மேலே உறை பளபளவென்றுதான் இருக்கும். மைனஸை முதலில் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்குங்கள். உள்ளே பச்சை ஏறியிருந்தால் வெட்டிவிட்டுப் புது லக் போடுவதே மேல்.

நம்மூர் வெயில் தனிக் கதை. 25 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏற ஏறச் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். 10 டிகிரிக்குச் சுமார் 0.2 வோல்ட். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜருக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு ஏற்ற, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் நமக்கு அமிர்தம். அதிலுள்ள உப்புகள் பேட்டரிக்கு ஆகாது. கொதிக்கும்போது வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்றவைத்துவிடாதீர்கள்.

வயரெல்லாம் சரி, இன்னும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை எடுங்கள். முழுக்க ஏறியபின் எல்லா செல்லும் 1.26, 1.27 காட்ட, ஒன்று மட்டும் 1.15-லேயே நின்றால் அந்த செல் போச்சு. பழையதைக் கடையிலேயே கொடுத்தால் ஈயத்துக்கான காசைப் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள்.