இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு ஹோட்டல்

திருகோணமலை நகருக்குள் கடைகளுக்கு நடுவே சில காணிகள் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கின்றன. வீடு போரில் இடிந்திருக்கும், உறுதியில் நாலைந்து பங்கு இருக்கும். அப்படியொரு காணியில் ஹோட்டல் கட்ட வருபவர் முதலில் கேட்பது எத்தனை அறை வரும் என்றுதான். எவ்வளவு இடத்தைக் கட்டாமல் விடுவது என்று முதலில் யோசித்தால் நல்லது.

12 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம், இரு பக்கமும் அயலவர் சுவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் யன்னல் உள்ள அறைக்குள் காற்று அறை உயரத்தின் சுமார் இரண்டு மடங்கு தூரம்தான் நன்றாக வரும். 3 மீட்டர் உயர அறையென்றால் 6 மீட்டர். எதிர்ப்பக்கமும் திறப்பு இருந்தால் ஐந்து மடங்குவரை போகும். அதற்குத்தான் நடுவில் முற்றம். நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டிய நம் நாற்சார் வீடுகள் இதை எப்போதோ செய்துவிட்டன.

முற்றத்துச் சூடான காற்று மேலே ஏறிக் கீழ்க்காற்றை இழுக்கும் என்பார்கள். சரி, ஆனால் அந்த இழுவை சிறியது. 12 மீட்டர் உயரமும் 3 பாகை வெப்ப வேறுபாடும் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1.4 பாஸ்கல். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் இளங்காற்றோ 5 பாஸ்கலுக்கு மேல் தரும். கூரை விளிம்பைத் தாண்டிப் போகும் காற்று முற்றத்தின் மேல்திறப்பில் அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் தெருப்பக்கம் நுழையும் காற்று அறையையும் நடையையும் கடந்து முற்றத்தால் வெளியேறும். அறைக் கதவுக்கு மேல் ஒரு திறப்பு விடாவிட்டால் எல்லாம் வீண்.

ஆனால் எல்லாக் காற்றையும் வரவேற்க முடியாது. மே முதல் செப்டெம்பர்வரை, கடல் அமைதியாகி விருந்தினர் நிறையும் அதே மாதங்களில், கச்சான் எனும் வறண்ட சூடான காற்று வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. மேற்குத் திறப்புகளைப் பகலில் மூடி இரவில் திறந்து சுவர்களை ஆறவிட வேண்டும். ஏப்ரல் நடுவில், புதுவருடத்தையொட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வந்து முற்றத்தின் அடிவரை சுடும்; ஓகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான். மேலே நிழற்சட்டம் கட்டாயம்.

எனக்கு அதிகக் கவலை அத்திவாரத்தில்தான். பக்கத்துப் பழைய சுவர் ஆழமில்லாமல் நிற்கும். கடலோர மணலில் குழி வெட்டித் தண்ணீரை இறைத்தால் அயல் மண்ணிலிருந்தும் நீர் வடியும். அதுவரை நீர் தாங்கிய பாரம் மணல்மேல் இறங்க, நிலம் அமர்ந்து அயல்வீட்டுச் சுவர் வெடிக்கும். ஆகவே சுவரோரமாக ஒரேயடியாக வெட்டக்கூடாது. ஒரு மீட்டர் அளவான துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டிக் கொங்கிரீட் இட்டு, அது இறுகிய பிறகே இடையில் விட்டதைத் தொட வேண்டும். அடித்து இறக்கும் பைல் (நிலத்துக்குள் இறங்கும் அத்திவாரத் தூண்) வேண்டவே வேண்டாம், துளையிட்டு வார்ப்பதே பாதுகாப்பு. அயல்வீட்டில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை வீட்டுக்காரரோடு சேர்ந்து படமெடுத்து வையுங்கள்.

அப்புறம், தூர்ந்த மலக்குழியும் கிணறும். புல் மூடிய இடத்தில் இரண்டு மூன்று மண் சோதனைத் துளைகளுக்கு அவை அகப்படாமல் போகலாம். அயலில் உள்ள வயதானவர்களுக்குத் தெரியும். கிணறு காணியின் நடுவில் இருந்தால் முற்றத்தையே அங்கே வைக்கலாம். மாரியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30 சதுர மீட்டர் முற்றத்தில் 3,000 லீட்டர் விழும். தூர் எடுத்த கிணறு, மணல் வடிகட்டியோடு, அதை வாங்கிக்கொள்ளும்.